சம்பந்தி வெட்டு

கம்பிக்குக் கீழே எந்த மரமும் தலை தூக்கக் கூடாது. மேஸ்திரிக்கு இதைத் தவிர வேறு வேதம் கிடையாது. மலைச்சரிவில் டவர் டவராக ஏறிப் போகிற உயரழுத்த லைனுக்கு அடியில், காட்டை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்ட அகலமான பாதை ஒன்று உண்டு. வெயில் காலத்துக் காற்று கிளம்புவதற்கு முன்னால் ஆட்களோடு போய், அதில் முளைத்து நிற்பதையெல்லாம் அடியோடு அறுத்து அப்புறப்படுத்துவது அவர் வேலை. காடு அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆனால் பாதைக்குள் இருப்பதை அறுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். காய்ந்த புல்லின் மேல் ஒரு பொறி விழுந்தால் மலையே பற்றிக்கொள்ளும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. மேஸ்திரியும் தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை. அவர் வருகிறார் என்றால் விதைகூட முளைக்க யோசிக்கும் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். வனத்துறைக் குடியிருப்புக்குப் பின்னால், பாதையின் நட்டநடுவில், வரிசையாகச் சில மரங்கள் நின்றன. அவற்றை நட்டவர் ரேஞ்சர். இந்தச் சரகத்துக்கு வந்த புதிதில், மண் சரிகிறதே என்று தானே குழி வெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தார். உயரம் போகாத ஜாதி என்று நர்சரிக்காரன் அடித்துச் சொன்னானாம். நர்சரிக்காரன் சொன்னது மரத்துக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. வேறு யார் வைத்த மரமாக இருந்தாலும் மேஸ்திரி ஒரே நாளில் கதையை முடித்திருப்பார். ஆனால் அதற்குள் அவருடைய ஒரே மகள் ரேஞ்சரின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, அந்தக் குடியிருப்புக்கே குடி வந்துவிட்டாள்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில், மாமனார் பிள்ளை மாதிரி வளர்த்த மரத்தை எந்த முகத்தோடு வெட்டுவது? நாளைக்கு அவர் மகளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனால்? மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வருஷமும் நுனியை மட்டும் பட்டும் படாமலும் கிள்ளிவிட்டு, "கொஞ்சம் தட்டிவிட்டேன் சம்பந்தி" என்பார். "நீங்க பார்த்துச் செஞ்சா சரிதான் சம்பந்தி" என்று ரேஞ்சர் காபி கொடுப்பார். ஆட்கள் இதற்கு சம்பந்தி வெட்டு என்று பேரே வைத்துவிட்டார்கள்.

நுனி கிள்ளினால் மரம் என்ன செய்யும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாததல்ல. வெட்டின இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டு, விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் மேலே போகும். தெரிந்தேதான் செய்தார். தெரியாமல் செய்தவனையாவது மன்னிக்கலாம்.

இந்த வருஷம் அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெயிலில் கம்பி இளகி, காலையில் இருந்ததைவிடத் தாழ்வாகத் தொங்கியது. மெஷின் ரம்பம் பிடிக்கிறவனுக்கு 'மைக் செட்' என்று பட்டப்பேர். ரகசியம் சொன்னாலும் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"என்ன மேஸ்திரி, இந்த வருஷமும் கிராப்பு மட்டும்தானா? இல்ல, ஷேவிங்கும் உண்டா?"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். மேல பாருங்க."

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். ஒரு மரத்தின் உச்சித் துளிர்கள் பொசுங்கிக் கறுத்திருந்தன. பூச்சி அரித்ததில்லை, வெயிலில் வாடியதுமில்லை. கம்பியின் கிட்டே போய் மின்சாரம் தாவிய இலை அது. அவர் சட்டென்று குனிந்து அடியில் பார்த்தார். காய்ந்த புல்லில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குக் கரி. சுற்றிலும் மண் வாரி இறைத்திருந்தது. பச்சைக் கிளை ஒன்று பாதி கருகி, அடித்து அடித்து நார் நாராகக் கிடந்தது.

தீப் பிடித்திருக்கிறது, யாரோ அணைத்திருக்கிறார்கள். ஆனால் லைன் ஆபீசுக்குத் தகவல் இல்லை, வனத்துறையிலும் மூச்சு இல்லை.

"யாருண்ணே அணைச்சிருப்பா?" என்றான் மைக் செட். முதல் தடவையாக அவன் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

மேஸ்திரி சரிவில் இறங்கிக் குடியிருப்புக்குப் போனார். ரேஞ்சர் ரோந்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு டவுனில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வாசலில் மகளின் ரப்பர் செருப்பு கிடந்தது. ஒன்றின் அடி உருகி, சிறு கற்களும் கரியும் ஒட்டி இறுகியிருந்தது. புல்லுத் தீயை மிதித்து அணைத்த செருப்பை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். தன் காலிலேயே பார்த்திருக்கிறார்.

மகள் கதவைத் திறந்தாள். வலது கையில் துணிக் கட்டு.

"வாங்கப்பா! சொல்லாமகொள்ளாம வந்து நிக்கிறீங்க?"

"கையில என்னம்மா?"

"எண்ணெய் தெறிச்சிடுச்சுப்பா. ஒண்ணுமில்ல."

அவர் செருப்பைத் தூக்கிக் காட்டினார். "இதுலயும் எண்ணெய்தான் தெறிச்சுதா?"

மகள் செருப்பைப் பார்த்தாள். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம்ப்பா. துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். மேல படார்னு சத்தம். பார்த்தா புல்லு எரியுது. போன் பண்ணி ஆள் வர வரைக்கும் அது நிக்குமா? ஓடிப்போய் அடிச்சேன், மிதிச்சேன், மண்ணை அள்ளிப் போட்டேன். நல்லவேளை, காத்து இல்ல."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க மரத்தை வெட்டுவீங்க. மாமா ஒரு வார்த்தை பேச மாட்டாரு, ஆனா சாப்பிடாம உட்கார்ந்திருப்பாரு. அவர்கிட்ட சொன்னா மேலிடத்துக்கு எழுதுவாரு, அது அவர் கடமை. விசாரணைன்னு வந்தா யார் பாதையை ஒழுங்கா வெட்டலைன்னு உங்க வேலைக்கு வேட்டு வைப்பாங்க. நான் யாருக்குன்னுப்பா பார்க்கிறது? காத்து அடிச்சாப் போதும், எழுந்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்துக்கிறேன். தூங்கியே ஒரு வாரம் ஆச்சு."

மேஸ்திரியின் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரேஞ்சர் எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. மகள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டீங்க மாமா. தீயை நான் அணைச்சேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார். மகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அவளைத் தீக்குக் காவல் உட்கார வைத்திருக்கிறோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். "சம்பந்தி, அது வந்து... பெரிசா இருக்கிற ரெண்டை மட்டும் எடுத்துட்டு, மத்ததை இந்த வருஷம்..."

"அத்தனையும் அடியோட போகுது. உங்களைக் கேட்கலை, சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் அவர் சம்பந்தியிடம் இப்படிப் பேசியதில்லை. ரேஞ்சரின் முகம் சிவந்தது.

"வெட்டுங்க, யார் வேண்டாம்னா? ஆனா போன தடவை மாதிரி வெட்டினதையெல்லாம் அங்கேயே குவிச்சுப் போட்டுட்டுப் போகாதீங்க. அதுவும் காய்ஞ்சா தீதான். அப்பவே சொல்லணும்னு இருந்தேன்."

"இருந்தா வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றது!"

"எப்படிச் சொல்றது? பொண்ணு கொடுத்தவராச்சே!"

"நானும் அதேதான்யா நினைச்சேன்!"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. தீயை ஒற்றை ஆளாக அடித்து அணைத்தபோது அழாதவள், இப்போது கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவர்கள் இருவரும் பதறி ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடி, வாசல்படியில் இடித்துக்கொண்டார்கள்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் அவள். "எனக்குத் தண்ணி வேண்டாம். போய் வெட்டிக்கிட்டே சண்டை போடுங்க."

போனார்கள். மேஸ்திரி லைனை நிறுத்தச் சொல்லி ஆபீசுக்குப் பேசினார். நிறுத்தியாயிற்று என்று பதில் வந்ததும் ரம்பம் உறுமியது. முதல் மரம் சாய்ந்தபோது ரேஞ்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து, கிளையின் ஒரு முனையைப் பிடித்தார். அந்தப் பக்கம் இழு என்று ஒருவர், இந்தப் பக்கம்தான் லாரி வரும் என்று மற்றவர். மைக் செட்டே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு இருவரும் கத்தினார்கள்.

சாயங்காலம் காற்று கிளம்பியது. கைகால் கழுவ இருவரும் கீழே வந்தபோது வாசல் கதவு திறந்தே கிடந்தது. படியிலேயே, சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிவிடப் போகிறார் என்று பயந்து மேஸ்திரி ரேஞ்சரின் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் எழுப்பப் போகவில்லை. இருவரும் தூசியும் வியர்வையுமாக வாசலிலேயே நின்றார்கள்.