யூக்ளினா யார் ஜாடை?

தாவரவியல் வாத்தியாரை நான் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படித்தான். நிஜத்தில் உறவு ஒன்றும் கிடையாது. கல்லூரியில் எங்கள் இரண்டு ஆய்வகத்துக்கும் நடுவே, ஜன்னலில் ஒரு குடுவை நிறைய யூக்ளினா இருந்தது. அதுதான் எங்கள் பேரன். உடம்பே ஒரு செல்தான். பச்சையம் இருக்கிறது, வெயிலில் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது, அதனால் தாவரத்தின் ஜாடை என்பார் அவர். செல்சுவர் இல்லை, சாட்டை மாதிரி ஒரு இழையைச் சுழற்றி நீந்துகிறது, விலங்கியல்காரி நான் விடுவேனா? புதுப் புத்தகங்கள் அதை இரண்டிலும் சேர்க்காமல் புரோட்டிஸ்டா என்று தனியே வைத்துவிட்டன. வகுப்பில் நாங்களும் அதையே நடத்தினோம். அதற்காகச் சண்டையை விட முடியுமா?

விடுமுறையில் வெள்ளையடிக்க வந்தபோது குடுவையை அலமாரிக்குள் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார். உரிமை கொண்டாட மட்டும் இரண்டு பேர்!

கல்லூரி திறந்த அன்று பார்த்தால், தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்திருந்தது. அவர் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உயிர் இருந்தது. குடுவையில் போட்டிருந்த கோதுமை மணிகளின் சத்தை உறிஞ்சியே இருட்டில் பிழைத்திருந்தன. பச்சைதான் அடியோடு போயிருந்தது.

"இனிமே இவன் உங்க பேரன்தான், சம்பந்தி. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

மாணவர்கள் சேரவில்லை என்று அவர் துறையை மூடிவிட்டார்கள். மறுநாள் அவர் வேறு ஊருக்குப் போக வேண்டும். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்! எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் முந்திக்கொள்ளும்.

"பச்சை போனா பேரன் இல்லன்னு ஆயிடுமா? வெளிச்சத்துல வச்சா திரும்ப வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். பாக்க நான் இங்க இருக்க மாட்டேனே."

பாதியை ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் திணித்தேன்.

"மூடிய இறுக்காதீங்க. பையில மட்டும் போட்டீங்க, அவ்வளவுதான்!"

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"சம்பந்தி, இங்க பச்சை பிடிச்சிருக்கு. அங்க எப்படி?"

தாவரவியல் அறை பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் குடுவை பளிச்சென்று பச்சையாக இருந்தது.

"இங்கயும்தான்," என்றேன். "அச்சு அசல் உங்க ஜாடை."