சுண்டி அளந்த தூரம்

மேலப்பனைப்பட்டியில் இருந்த வெள்ளைத்துரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனி, வேலை நாள் ஒன்றுக்கு ஒரு விரல்கடை வீதம் கிழக்கே நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் லீவிலும் நகரவில்லை. நாற்பத்தாறு ரூமும், வெடிமருந்து கலக்கும் ரூமும், முள்கம்பி வேலியும், செல்போன் கொண்டுவரக் கூடாது என்று எழுதிய போர்டும், வாட்ச்மேனும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் மொத்தமாக நகர்ந்ததால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எம். புதுப்பட்டி பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டுக்கு நடக்கிற தூரம் கூடிவிட்டதாக இரண்டொரு பேர் சொன்னார்கள். வயசாகிறதல்லவா என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள்.

விஷயம் முதலில் தெரிந்தது பஞ்சம்மாளுக்குத்தான். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயசு. இருபத்திரண்டு வருஷமாகத் திரி வேலை. ஸ்கேலை நம்பாமல் முழங்கையை நம்பி அளப்பாள், ஒரு நூல் பிசகாது. வெள்ளை நூலை முழம் போட்டு, கடைசியில் ஒரு சுண்டு சுண்டுவாள். இற்றுப்போன நூலாக இருந்தால் அங்கேயே அறுந்துவிடும். நல்ல நூல் விண்ணென்று நிற்கும். அதற்கப்புறம்தான் நூலுக்கு மருந்து ஏறித் திரியாகும். திரிக்காரப் பெண்கள் எல்லோருக்கும் கையில் ஊறிப்போன பழக்கம் அது. வீட்டுக் கொடிக்கயிற்றைச் சுண்டுவார்கள், பிள்ளையின் அரைஞாண் கயிற்றைச் சுண்டுவார்கள். பஞ்சம்மாள் மல்லிகைப்பூ வாங்கினாலும் முழம் போட்டுச் சுண்டுவாள். அவள் தலையைக் கண்டாலே பூக்காரி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடுவாள்.

அளக்கச் சொன்னது கம்பெனிதான், அதை இங்கே குறித்து வைத்துவிட வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்க அதிகாரி வந்த அன்று, கம்பெனி வேலியிலிருந்து பக்கத்து வீடு அறுபது மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. பக்கத்து வீடு பஞ்சம்மாளுடையது. அதிகாரி கொண்டுவந்த டேப் துருப்பிடித்து இருபது மீட்டரோடு நின்றுவிட்டது. போர்மேன் ஜெயபாண்டிக்கு உடனே யோசனை ஓடியது.

"யக்கா, நம்ம வேலியிலருந்து ஒங்க வீட்டு வாசல்நடை வரைக்கும் எம்புட்டு இருக்கும்?"

"அளந்தாத்தானய்யா தெரியும்" என்ற பஞ்சம்மாள், மருந்து ஏறாத நூலை வேலிக்கல்லில் கட்டி, வீட்டு நடைவரைக்கும் இழுத்துக்கொண்டு போய், முழம் போட்டு, கடைசியில் வழக்கம்போல ஒரு சுண்டு சுண்டினாள். நூற்று நாற்பது முழம். அறுபது மீட்டருக்கு நூற்று முப்பதே போதும். அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி தினமும் வேலை முடிந்ததும் இந்த அம்மாள் அளந்து சொல்ல வேண்டும், அதை கேட்டில் போர்டு வைத்து எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, இரண்டு கிப்ட் பாக்ஸோடு கிளம்பினார். அன்றிலிருந்து கேட்டில் போர்டு இருந்தது, போர்டில் நூற்று நாற்பது இருந்தது.

நூலில்தான் நூற்று நாற்பது இல்லை. ஒரு மாசத்தில் ஒரு முழம் குறைந்தது. பஞ்சம்மாள் சொன்னபோது, "கை நீண்டிருக்கும்க்கா, நல்லாச் சாப்பிடுதீகள்ல" என்றார் ஜெயபாண்டி. நூற்று முப்பதுக்குக் கீழே இறங்கியபோது, வெயிலில் நூல் நீண்டிருக்கும் என்றார். போர்டில் இருந்த எண்ணை மட்டும் அவர் மாற்றவில்லை. ஆயுதபூஜைக்கு அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்தார். இரண்டு வருஷத்தில் தூரம் நூற்றுப்பதினாலு முழத்துக்கு வந்து நின்றது. பஞ்சம்மாளின் மகள் இசைவாணி திருத்தங்கலில் அச்சாபீஸில் வேலை பார்த்தாள். காலையில் அவள் எழுந்திருக்கும்போது தலையணையில் அலுமினியப் பொடி மினுமினுத்தது. அவள் படுக்கிற இடம் வேலியைப் பார்த்த சுவரோரம். மருந்து ரூம் எப்படி வெடிக்கும், வெடித்தால் கல்லும் மண்ணும் எதுவரைக்கும் வந்து விழும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஞ்சம்மாள் கட்டிலைத் தூக்கி மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்குப் போட்டாள். வீட்டின் அகலமே இருபது முழம்தான், அதற்குமேல் அவளால் மகளைத் தள்ளிப் படுக்கவைக்க முடியவில்லை.

அடுத்த தடவை வந்த அதிகாரி புதுசு, அவருடைய டேப்பும் புதுசு. ஐம்பத்திரண்டு மீட்டர் என்று காட்டியது. ஒன்று லைசென்ஸ் போக வேண்டும், இல்லை வீடு போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பஞ்சம்மாளுக்கு இரண்டு பக்கமும் இடிதான். கம்பெனி போனால் அவளோடு சேர்த்து இருநூறு பேருக்கு வேலை போகும். வீடு போனால் அவளும் மகளும் எங்கே போவது? வெள்ளைத்துரை முதலாளி பதறவில்லை. கம்பெனி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இந்தப் பொம்பளையின் வீடுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனியை நெருக்கி வந்துவிட்டது, யார் நகர்ந்தது என்று விஞ்ஞானமே சொல்லட்டும் என்று மனு எழுதினார். விஞ்ஞானம் மூன்று பேராக, ஏசி வேனில் வந்து இறங்கியது. அவருடைய விருந்தாளியாகவே தங்கியது.

எட்டு நாள் அளந்தார்கள். குறை சொல்ல முடியாத அளவு. செடி கொடி வளர்ச்சி அளக்கும் ஆர்த்தி அம்மாள், வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே நின்ற வேப்பமரத்துக்கு எஃகுப் பட்டையால் ஒட்டியாணம் மாட்டி, அது பகலில் தலைமுடி கனத்தில் பாதி சுருங்கி, விடிவதற்குள் முடிக்கனம் ஊதுகிறது என்று கண்டுபிடித்தார். துகள் அளக்கும் ராம்குமார், பச்சை லேசர் ஒளியில் அலுமினியத் தூசி ஒவ்வொன்றும் எப்படி இடித்து மோதித் திரிகிறது என்று லட்சக்கணக்கில் படம் எடுத்தார். தலைவர் டாக்டர் சூர்யபிரகாஷ் மனித அசைவில் கெட்டிக்காரர். ஊர்க்காரர்களின் முட்டியிலும் முழங்கையிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டி நடக்கவிட்டார். மேலப்பனைப்பட்டிக்காரன் சராசரியாக ஒரு நாளில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்கிறான் என்று ஊருக்கே முதன்முதலாகத் தெரிந்தது. அந்த எட்டெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை முழம் என்பதை மட்டும் மூன்று பேரில் யாரும் அளக்கவில்லை. அது எல்லோரும் அளக்கிற விஷயம் என்று விட்டுவிட்டார்கள். பஞ்சம்மாள் நூலோடு வந்தபோது டாக்டர் தடுத்தார்.

"கருவியெல்லாம் ரொம்ப நுட்பம்மா. நீங்க நூலைக் கட்டி இழுத்தா எங்க அளவு கெட்டுடும். இந்த எட்டு நாளும் தொடாதீங்க."

"போர்டுக்கு எண்ணு வேணுமே சார்?"

"அதான் எழுதியிருக்கே" என்று டாக்டர் போர்டைக் காட்டினார்.

எட்டு நாளும் கம்பெனி நகரவில்லை, வீடும் நகரவில்லை. அதிலிருந்து விஞ்ஞானிகள் எடுத்த முடிவு இது: மரம் வளர்கிறது, மனிதன் நடக்கிறான், தூசி அலைகிறது, ஆக, உயிரும் காற்றும் உள்ள இடத்தில் அசைவு உண்டு. வீட்டில் மனிதர் இருக்கிறார்கள், முற்றத்தில் முருங்கை இருக்கிறது. எனவே வீடு நகரக்கூடியது. கம்பெனி லைசென்ஸ் பெற்றது. எனவே அது நிலையானது. எட்டு நாளும் வீடு நகராமல் நின்றது எப்படி என்றால், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சத்தால். அறிக்கை கெட்டி அட்டையில், நாலு கலரில், ஐநூறு காப்பி திருத்தங்கலில் அச்சாகி டெல்லிவரைக்கும் போனது. முப்பது நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று நோட்டீஸும் வந்தது.

அறிக்கையை பைண்டிங் செய்ததே இசைவாணிதான். ஒரு காப்பியைக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வீட்டுக்குக் கூச்சம் என்ற இடம் வந்ததும் பஞ்சம்மாள், "கட்டையில போறவனுக, நம்ம வீட்டுக்கு என்னத்தக் கூச்சம்!" என்று எழுந்து நூலை எடுத்துக்கொண்டு போனாள். அளந்தாள். நூற்றுப்பதினாலு, டாக்டர் தடுத்தபோது விட்ட அதே அளவு, அதற்கப்புறம் இன்றுதான் நூலைத் தொடுகிறாள். கை தன்பாட்டில் ஒரு சுண்டு சுண்டியது. என்னமோ தோன்றியது அவளுக்கு, மறுபடி முழம் போட்டாள். ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏ தாயீ! இம்புட்டு நாளும் நாந்தான்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்!" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகளின் தலைமாட்டுக்கு மருந்து ரூமைத் தன் கையாலேயே கட்டி இழுத்திருக்கிறாள். அதைப் பற்றி அதிசயப்பட இசைவாணிக்கு நேரமில்லை, காலை ஷிப்ட்.

"அப்ப அந்தப் பக்கம் போயி இழும்மா."

மறுநாள் பஞ்சம்மாள் மேற்கு வேலிக்கல்லில் நூலைக் கட்டி, தரிசுக்குள் நடந்து போய்ச் சுண்டினாள். கம்பெனி ஒரு விரல்கடை மேற்கே போனது. இரண்டாவது தடவை சுண்டினாள், அசையவில்லை. ஒரு கைக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் பலித்தது. அந்தக் கம்பெனியில் எதற்குமே ஓவர்டைம் கிடையாது. நோட்டீஸ் கெடுவுக்குள் பதினாறு முழம் தள்ள வேண்டும். பஞ்சம்மாள் திரி ரூம்களுக்குள் போய் விஷயத்தைச் சொன்னாள். கருப்பம்மாள் மட்டும், "நெசமாவா மதினி?" என்று கேட்டாள், மற்றவர்கள் நூலை எடுத்தார்கள். வேலை முடிந்து நாற்பது பெண்கள் வரிசையாகத் தரிசில் நின்று சுண்டியதை ஜெயபாண்டி பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு, நூல் தரம் பார்க்கிறோம் என்றார்கள். தரத்தில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பத்து நாளில் பதினாறு முழமும் போய், பதினோராம் நாள் மேலும் கொஞ்சம் போனது. அதிகாரி வந்து டேப்பைப் பிடித்துப் பார்த்து, "வீடு தவறை உணர்ந்து தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது" என்று எழுதி, எச்சரிக்கையோடு நோட்டீஸை ரத்து செய்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பது பேருக்கும் வீடு கம்பெனிக்குக் கிழக்குப் பக்கம்தான். நாற்பது வீட்டிலும் பிள்ளைகள் தூங்கினார்கள். இன்னும் பத்து முழம் போகட்டுமே என்று கருப்பம்மாள் சொன்னாள், அப்புறம் இன்னொருத்தி சொன்னாள். யாருக்கும் யார் மேலும் வன்மம் இல்லை. மேற்கே தரிசைத் தவிர இருந்தது ஒன்றே ஒன்று: கம்பெனியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ரோட்டோரம் முதலாளி புதிதாகக் கட்டிய பங்களா. ஏழு மாசத்தில் கம்பெனி அதை ஐம்பத்தெட்டு மீட்டரில் போய்ப் பார்த்தது. முதலாளியின் மனைவி சுப்புலட்சுமி ஒருநாள் பூஜை அறையில் விளக்கைத் துடைத்தபோது துணியில் அலுமினியம் மினுமினுத்தது. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் ஒரு பொழுதும் கண்மூடவில்லை.

கம்பெனி நகருகிறது என்று முதலாளி அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி மேஜையிலிருந்து கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்து, பக்கம் முப்பத்தொன்றை அவருக்கே வாசித்துக் காட்டினார். கம்பெனி நிலையானது, வீடுதான் நகரும். பங்களாவில் மனிதர் இருக்கிறார்கள், புல்தரை வேறு இருக்கிறது. டாக்டர் சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டால், அந்த ஆராய்ச்சிக்கு விருது வாங்க வெளிநாடு போயிருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் முதலாளி பஞ்சம்மாளிடம் வந்து நின்றார்.

"ஏம்மா பஞ்சம்மா, இந்த அளக்குறத நிறுத்தக் கூடாதா?"

"அளக்கச் சொன்னது ஒங்க கம்பெனிதான மொதலாளி? வேண்டாம்னா எழுதிக் குடுங்க, நிறுத்திருதோம்."

எழுதிக் கொடுத்தால் கம்பெனி நகர்ந்ததை ஒப்புக்கொண்டதாகும், லைசென்ஸ் போய்விடும். எழுதிக் கொடுக்காமல் அவர் பங்களாவைப் பூட்டிச் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு சிவகாசியில் வாடகை வீடு பார்த்துப் போனார். பஸ் நிறுத்தத்திலிருந்து கேட்டுக்கு இப்போது நாலே எட்டு. கேட்டுப் போர்டில் நூற்று நாற்பது முழம் என்றே இருக்கிறது, போன ஆயுதபூஜைக்கும் பெயின்ட் அடித்தார்கள்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் மருந்து ரூம் வெடித்தது. சாப்பாட்டு நேரம், எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரைக் கான்கிரீட்டில் ஒரு துண்டு, ஆட்டுரல் பருமன், அவர்கள் தலைக்கு மேலே பறந்து கிழக்கே போய் விழுந்தது. பஞ்சம்மாள் கையில் சோற்றோடு வீட்டைப் பார்த்து ஓடினாள். அன்று இசைவாணிக்கு நைட் ஷிப்ட் முடிந்து வந்த தூக்கம். சத்தம் கேட்டு எழுந்து நடையில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். துண்டு முற்றத்துக்கு வெளியே தரையில் பாதி புதைந்து கிடந்தது. பஞ்சம்மாள் மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்து, ஒரு முனையைத் துண்டில் கட்டி, வீட்டு நடைவரைக்கும் முழம் போட்டாள். ஒன்பது முழம்.

அன்றைக்கு மட்டும் அவள் சுண்டவில்லை.