குடிக்கும் மேடு

ஆரோக்கியமேரி ஊற்றிய தண்ணீரைப் புருஷனின் கல்லறை மேடு மடக் மடக்கென்று குடித்தது.

முதல் தடவை கேட்டபோது அவள் பயந்து இரண்டடி பின்வாங்கினாள். வெயிலில் ஓடு போல இறுகிக் கிடந்த மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குள் தண்ணீர் இறங்க இறங்க, ஆழத்தில் யாரோ விழுங்கும் சத்தம். பிறகு அந்தச் சத்தத்துக்காகவே அவள் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் வின்சென்ட், "ஒரு வாய் தண்ணி குடு மேரி" என்று கெஞ்சியிருந்தான். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் அவள் கொடுக்கவில்லை. அவன் உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து லாரித் தண்ணீரில் தன் பங்கிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு குடம் அவனுக்கு. கடலோடு சேர்ந்த ஏரி, அதன் தண்ணீர் உப்பு. அதைப் போய் அவனுக்கு ஊற்றுவாளா?

அந்த ஊரில் மேடான இடம், வெள்ளத்தைத் தடுக்க ஏரிக் களிமண்ணை வெட்டிப் போட்ட கரை ஒன்றுதான். அதனால் கல்லறைகளும் அதன் மேல்தான். கரையின் அடியில், ஒட்டினாற்போல, பச்சையம்மாவின் வீடு.

புரட்டாசியில் ஒரு குடம் போதாமல் போயிற்று. இரண்டு குடம் ஊற்றினாலும் மேலே ஈரம் நிற்கவில்லை. ஒருநாள் மேட்டில் சாமந்தியை உதிர்த்து, தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கும்போது கீழேயிருந்து பச்சையம்மா கத்தினாள்.

"மேரிக்கா, ஓடியா! எங்கூட்டுப் பின்னால அம்மன் பால் குடுக்குறா!"

கரையின் அடியில் எலி வளை போல ஒரு துளை. அதிலிருந்து வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பச்சையம்மா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றியிருந்தாள். "தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான்க்கா வருது!"

ஆரோக்கியமேரி குனிந்தாள். பாலோடு ஒரு மஞ்சள் இதழ் மிதந்து வந்தது. சாமந்தி.

இறால் குட்டைகளுக்குக் கரை போட்டுப் பழகிய தெய்வசிகாமணி பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"இன்னா சிகாமணி, கும்புட்டா கை தேஞ்சிடுமா?" என்றாள் பச்சையம்மா.

"கும்புடுறேன். மொதல்ல ரெண்டு டம்ளர் குடு."

ஒன்றில் ஏரித் தண்ணீர், மற்றதில் குடிதண்ணீர். இரண்டிலும் கரை மண்ணில் ஒவ்வொரு கட்டி போட்டான். உப்புத் தண்ணீரில் கட்டி அப்படியே கிடந்தது. நல்ல தண்ணீரில் கிடந்தது, யாரும் தொடாமலேயே, ஓரமெல்லாம் புகைய ஆரம்பித்தது. சற்று நேரத்தில் கட்டியே இல்லை. டம்ளர் நிறையப் பால்.

"உப்பு இருக்குற வரைக்கும் இந்தக் களி ஒண்ணையொண்ணு புடிச்சிக்கினு கெடக்கும். நல்ல தண்ணி பட்டா உப்பு போயிடும், களி கைய உட்டுடும். மேல ஓடு நிக்கும், உள்ள பொந்து. பெரிய மழ பேஞ்சா கரை உன் தல மேலதான் பச்ச. ஆனா இன்னும் மழையே வரலியே, நல்ல தண்ணி எங்கேர்ந்து வந்துது?"

பேசாமலே போய்விடலாம். சொன்னால், இனி ஒருநாளும் வின்சென்ட்டுக்குத் தண்ணீர் இல்லை. ஆரோக்கியமேரி வீட்டுக்குள் பார்த்தாள். பச்சையம்மாவின் பாய் கரைப்பக்கச் சுவரை ஒட்டித்தான் சுருட்டி வைத்திருந்தது.

"நான்தான்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

பச்சையம்மா குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாலு நாளா நான் கும்புட்டது வின்சென்ட் அண்ணனையா?" என்றாள். பிறகு ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள்.

மறுநாள் காலையில் மேட்டின் ஓரத்தில் கடப்பாரை இறங்கியதும் ஓடு உடைந்தது. கீழே, கரைக்குள், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வெறுமை. அதன் சுவர்கள் நக்கி எடுத்தது போல வழவழவென்றிருந்தன. தெய்வசிகாமணி களியோடு சிப்பிச் சுண்ணாம்பைக் கலந்து, ஏரித் தண்ணீர் தெளித்துக் கொடுக்கக் கொடுக்க, பெண்கள் இருவரும் இடித்து நிரப்பினார்கள். கடைசி வெடிப்பை ஆரோக்கியமேரி தன் கையால் அடைத்தாள். யாருடைய வாயையோ பொத்துவது போலிருந்தது. யேசுவே, யேசுவே என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் பழக்கத்தில் ஆரோக்கியமேரி குடத்தோடு கரையேறப் போனாள். சுண்ணாம்புத் தூசியில் தொண்டை கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா கையைக் குவித்து நீட்டினாள்.

"ஒரு வாய் தண்ணி குடு மேரிக்கா."

ஆரோக்கியமேரி ஊற்றினாள். மடக் மடக். அதே சத்தம்.

"இன்னும் ஊத்தட்டா?" என்றாள்.

வடகிழக்கில் மேகம் கறுத்து வந்தது.