சஷ்டி விரதத்தில் உள்ளி மணம்

கந்தசஷ்டியின் நான்காம் நாள், பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த முருகேசனிடம் உள்ளிப்பூண்டு மணத்தது.

பால் தம்ளரும் கையுமாகக் கதவைத் திறந்த கிரிஜா அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம். இந்த முறைதான் இருவரும் சேர்ந்து, ஒரு பிள்ளைக்காக விரதம் பிடிக்கிறார்கள். ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்று சொன்னதே அவன்தான்.

"இஞ்சாருங்கோ, எங்க சாப்பிட்டனீங்கள்?"

"நீர் கட்டித் தந்த ரெண்டு வாழைப்பழம்தான்."

"பக்கத்து வீட்டுப் பிளோறன்ஸ் அக்கான்ர ஆட்டுக்கறியோ? வீடு முழுக்க உள்ளி மணக்குது!"

"சத்தியமா இல்லையப்பா!"

குளித்தான், பல் விளக்கினான். மணம் போகவில்லை. இரவு அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போய்விட்டாள். விரதம் முறிந்ததைக்கூடப் பொறுக்கலாம். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறவனோடு எந்தப் பிள்ளையை வளர்ப்பது?

மறுநாள் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரைப் பனிப்புகார் மூடிக் கிடந்தது. பசிக்களையில் சோபாவிலேயே கண்ணயர்ந்தாள். அவன் வாய் ஓயாமல் சொல்லும் வேலைத்தலம் கனவில் விரிந்தது. செம்பைச் சுத்தம் பண்ணும் தொட்டிகளின் அடியில் தங்கும் கரிய சேறு. அதைச் சுடும் அமிலத்தில் போட்டால் மிச்சச் செம்பு கரைந்து மயில்கழுத்து நீலமாகிவிடும். தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் கறுத்துக் கிடக்கும். அந்த நீலத்தில் அவன் தோணி வலித்துப் போய்க்கொண்டிருந்தான். அவள் கூப்பிடக் கூப்பிடக் குரல் ஆவியாகி மேலே போனது.

அழைப்புமணி எழுப்பியது. வாசலில் முருகேசன், கூடவே அவனைக் காரில் கொண்டுவந்த சென்னை எஞ்சினியர் கிருஷ்ணமூர்த்தி. பிறந்ததிலிருந்து பூண்டே தொடாதவர். முன்பு விருந்துக்கு வந்தபோது அவருக்கென்று அவள் பூண்டில்லாமல் தனியாக ரசம் வைத்திருக்கிறாள்.

"மேடம், ஒரு நிமிஷம்..." என்று அவர் வாயைத் திறந்ததும் கிரிஜா திடுக்கிட்டாள். அதே மணம்!

"என் வைஃப் எனக்குப் பால்கனியிலதான் காபி தர்றா மேடம். அந்தச் சேத்துல தெலூரியம்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஆசிட்ல கரையும். எக்ஸாஸ்ட் ஃபேன் மக்கர் பண்ணினதுல அந்த ஆவி எங்க மூச்சுல போயிடுச்சு. அது துளி உள்ள போனாலும் உடம்பு பூண்டு வாசனையாத்தான் வெளிய விடுமாம். எங்க ஷிஃப்ட்ல எல்லாருமே இப்படித்தான். ஃபேனை மாத்தியாச்சு. பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார். வாசனை போகத்தான் சில வாரம் ஆகும்."

அவர் போனபின் கிரிஜா தலை குனிந்து நின்றாள்.

"நீங்கள் சத்தியம் பண்ணேக்கையே நான் நம்பியிருக்க வேணும்."

"எனக்கே என்னில சந்தேகம் வந்திட்டுது. நித்திரையில எழும்பிப் போய்ச் சாப்பிட்டனோ எண்டு."

அவள் சிரித்தாள்; சிரிப்போடு அழுகையும் வந்தது.

ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர். கிரிஜா சேலை உடுத்து வந்தபோது அவன் சட்டைகூட மாற்றியிருக்கவில்லை.

"நீர் போயிட்டு வாரும். இந்த மணத்தோட கோயிலுக்குள்ள வர ஏலாது. சனம் என்ன கதைக்கும்?"

"கதைச்சாக் கதைக்கட்டும். நானே கதைச்சனான்தானே! எழும்புங்கோ."

பஸ்ஸில் முன் இருக்கை ஜெர்மன் மூதாட்டி திரும்பி மூக்கைச் சுளித்தாள். முருகேசன் கூசி ஜன்னல் பக்கம் ஒதுங்கினான். கிரிஜா இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அவன் தோளில் தலை சாய்த்து, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தாள்.