பழசும் புதுசும் ஒரே டிஸ்கில்

எண்பத்தெட்டாம் வருடம், மாசி மாதம். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை, அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் அமிர்தவல்லி அதை வைத்துப் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பாடம் நடத்துவாள். மாலையில் அது கமலவேணிக்கு. வெளியாட்கள் கேட்கிற புரோகிராம்களை எழுதித் தருவது அவள் வேலை.

அந்த வாரம் வைத்திக்குப்பம் விழாக் குழு கேட்டிருந்தது. மாசிமகத்துக்குக் கடற்கரைக்கு வரும் ஊர்ச் சாமிகள் எந்த வரிசையில் தீர்த்தவாரிக்கு இறங்குவது என்பதைத் தமிழிலேயே அச்சடித்துத் தரவேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து முடித்திருந்தாள். கடைசியாக ஒரு ஊரைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால், திரை முழுக்கத் தப்பு, தப்பு என்றே வந்தது.

"அமிர்தா, பாஸ்கல என்னாடி பண்ண?"

"புதுசு வந்திருக்கில்ல, நாலாவது வெர்ஷன். பசங்களுக்கு அதான் வேணும். பழச எடுத்துட்டு அதப் போட்டேன்."

"புள்ளி போடற கட்டளயெல்லாம் அதுல மாத்திட்டாங்க. எஞ்சாமியெல்லாம் கரையிலயே நிக்குது."

அமிர்தவல்லியின் முகம் வாடிவிட்டது. "அப்ப புதுச எடுத்துடு" என்றாள். மறுநாள் காலை அவளுக்கு வகுப்பு. கமலவேணிக்கு மனம் வரவில்லை. நல்லவேளை, பழைய பாஸ்கலின் பிளாப்பி அவள் பையிலேயே இருந்தது. டிஸ்கில் தனி அறை மாதிரி ஒரு டைரக்டரி திறந்து அதில் ஏற்றினாள். பாஸ்கலின் பெயரைத் தட்டினாள். வந்து நின்றது புதுசுதான்.

இரண்டு டைரக்டரியையும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டுக்கும் ஒரே பேரு. மெஷின் எந்த டைரக்டரிய மொதல்ல பாக்குதோ, அங்க கெடக்கறத எடுத்துக்குது."

"எத மொதல்ல பாக்கணும்னு நாம சொல்லிட்டா?"

தலா இரண்டே வரியில் இரண்டு சின்னக் கட்டளைக் கோப்புகள் எழுதினார்கள். ஒன்றுக்குப் பழசு என்று பெயர், மற்றதற்குப் புதுசு. பழசு என்று தட்டினால் மூன்றாவது வந்தது. புதுசு என்றால் நாலாவது. நம்பிக்கை வராமல் மாறி மாறித் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

குழுத் தலைவர் நாராயணசாமி படியேறி வந்தபோது பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தாளைக் கையில் வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு ஊராக வாய்விட்டுப் படித்தார்.

"மெஷினு தமிழ் எழுதுதாம்மா?"

"நாங்க எழுத வச்சோம்யா."

"ரெண்டு பேரும் மகத்துக்கு வந்துடணும். சொல்லிட்டேன்."

போனார்கள். மணலில் கால் வைக்க இடமில்லை. மைக்கில் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். நீயா நானா என்று யாரும் முந்தவில்லை. கமலவேணியின் ஊர்ப் பெயர் வந்ததும் மேளம் உச்சத்துக்குப் போக, சாமியைத் தோளில் தாங்கியவர்கள் அலையை நோக்கி ஓடினார்கள். அமிர்தவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். புடவை நனைகிறதே என்றுகூடப் பார்க்காமல் கமலவேணியும் தண்ணீரில் இறங்கினாள்.