ஹெக்டரின் வெள்ளைக் கற்றை

மேபலைக் கலியாணம் செய்யக் கேட்டு வந்த ஹெக்டரிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. துறைமுகப் பண்டகசாலையில் கிளார்க் வேலை. ஞாயிறு பூசை தவறாதவன். ஆனால் நெற்றிக்கு நேர் மேலே, கறுத்த தலைமயிரின் நடுவே, ஒரு கற்றை மட்டும் பிறந்த நாள் முதல் பால் வெள்ளை. அவன் தகப்பனுக்கும் அப்படித்தான். தகப்பனின் தகப்பனுக்கும் அப்படித்தான்.

"அது சாபம்," என்றாள் மேபலின் தாய் பிறிஜெற். "அவங்கட பூட்டன் தோணி கரைசேர்ந்தா மொட்டை போடுறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தவராம். கரைக்கு வந்தவுடன தலைமயிரில ஆசை வந்திட்டுது. அந்தோனியார் அடையாளம் வைச்சிட்டார். கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிஞ்ச கதை."

மேபல் தாதியாக வேலை பார்த்தவள். ஹெக்டரைக் கையோடு டொக்டர் நாகேந்திரத்திடம் கூட்டிப் போனாள். அவர் கற்றையை விலக்கித் தோலைப் பார்த்தார். குஷ்டம் இல்லை, நோயே இல்லை என்றார். மூக்கின் அமைப்பு வருவதுபோல இதுவும் பரம்பரையில் வருகிறது. பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு வரலாம், சிலருக்கு வராமலும் போகலாம்.

வீட்டில் இதைச் சொன்னபோது பிறிஜெற் ஒரு துண்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையளுக்கு வரும் எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்."

கோயிலில் பங்குக் குருவான செபஸ்தியன் சுவாமியிடம் முறையிட்டாள். அவர் சிரித்தார்.

"பூட்டன் செய்ததுக்குப் பேரப்பிள்ளையைப் பிடிக்கிறவரில்லை அந்தோனியார். துலைஞ்ச சாமான் தேடிக் குடுக்கவே அவருக்கு நேரம் காணாது. திருவிழாச் சனத்துக்குள்ள துலைஞ்ச உம்மட மகளை அண்டைக்கு ஆர் தேடித் தந்தது?"

மேபல் சிறுபிள்ளையாகத் தொலைந்த அந்த நாளை நினைத்தாலே பிறிஜெற் இன்றும் சிலுவை போட்டுக்கொள்வாள். ஆனாலும் மனம் ஆறவில்லை.

அவள் கணவர் ஒஸ்வால்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைமயிர் முழுவதும் கொட்டிப்போன அவருக்கு, கறுத்து மினுங்கும் மீசைதான் பெருமை. கோயிலில் தீர்த்தத்தைக்கூட விரல் நுனியால் தொட்டு நெற்றியோடு நிறுத்திக்கொள்வார்.

"சுவாமி சொல்லுறதும் சரி, டொக்டர் சொல்லுறதும் சரி," என்றார். "ஆனா எங்கட பரம்பரையில ஒரு பழுதும் இல்லை. இதை ஏன் கொண்டுவந்து கலப்பான்?"

கடைசியில் பிறிஜெற் ஒரு வழி சொன்னாள். ஹெக்டர் ஒன்பது செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வந்து பூட்டனுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டும். கற்றை கறுத்தால் கலியாணம். கறுக்காவிட்டால் இந்தப் பேச்சை மறந்துவிட வேண்டும்.

ஹெக்டர் மழையென்றும் பாராமல் போனான். எட்டாம் செவ்வாயும் முடிந்தது. கற்றை அசையவில்லை.

"அந்தோனியாருக்கு நான் அலுத்துப்போயிருப்பன்," என்றான் கோயில் வாசலில்.

மேபல் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். "அடுத்த கிழமை இதைப் பூசிக்கொண்டு வாங்கோ."

"பொய்யல்லோ, மேபல்?"

"கறுக்கவேணும் எண்டுதான் மம்மா சொன்னவ. எப்பிடி எண்டு சொல்லேல்லை."

ஒன்பதாம் செவ்வாய் கணவரோடு கோயிலுக்கு வந்து ஹெக்டரின் கறுத்த தலையைக் கண்ட பிறிஜெற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே செபஸ்தியன் சுவாமியைக் கூட்டிவந்து, அந்தோனியார் செய்த புதுமையைப் பாருங்கள் என்றாள். சுவாமி தலையைப் பார்த்தார். பிறகு மேபலைப் பார்த்தார். அவள் மெழுகுதிரிகளைப் பார்த்தாள்.

"சரி, எல்லாரும் கிட்ட வாங்கோ," என்று தீர்த்தம் தெளித்தார். சுவாமி தெளித்தால் பாதி முழுக்குப் போட்ட மாதிரித்தான்.

ஹெக்டரின் நெற்றியிலிருந்து மூக்கு வழியே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. கற்றை பழையபடி வெளுத்து நின்றது.

"இஞ்ச பாருங்கோ இந்த ஏமாத்தை," என்று கணவர் பக்கம் திரும்பிய பிறிஜெற் அப்படியே நின்றுவிட்டாள். ஒஸ்வால்டின் மீசை இரண்டு பக்கமும் ஒழுகி, வெள்ளைக் கொலரில் சொட்டிக்கொண்டிருந்தது. மீசை தேங்காய்ப்பூவாய் வெளுத்திருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் வாயால் சொன்னதில்லை.

"போத்தல் பப்பாவின்ர அலுமாரியில எடுத்தது," என்றாள் மேபல். "பப்பாவுக்கு முப்பதுக்கு முந்தியே நரைச்சது. அப்பப்பாவுக்கும் அப்பிடித்தான். எனக்கும் பின்பக்கம் நாலைஞ்சு வந்திட்டுது, மம்மா. ஹெக்டர் வீட்டில ஒரு பிடி மயிர்தான் வெள்ளை."

பிறிஜெற் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கட பூட்டன் என்ன நேர்த்தியை மறந்தவர்?"

"எங்கட ஆக்கள் ஒண்டும் மறக்கேல்லை," என்றார் ஒஸ்வால்ட், லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு. "இது சும்மா பரம்பரையா வாறது."

"டொக்டரும் அதைத்தான் சொன்னவர், அங்கிள்," என்றான் ஹெக்டர் பணிவாக.

சுவாமி சிரிப்பை அடக்க முடியாமல் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோருக்கும் பின்னால் பிறிஜெற் வாசலுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமைச் சனம் நெரிந்தது. படியில் நின்று பார்த்தாள். அத்தனை தலைகளுக்கு நடுவே ஹெக்டரின் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"ஓம்," என்றாள் யோசித்தபடி. "இப்பிடி ஒரு தலை இருந்தா, திருவிழாவில பிள்ளை துலையாது."

பிறகு தன் லேஞ்சியை அவனிடம் நீட்டினாள். "முதல்ல மூக்கைத் துடையும், தம்பி. ஞாயிற்றுக்கிழமை சுவாமி உங்கட ரெண்டு பேரின்ர கலியாண ஓலை வாசிக்கேக்க இந்தக் கோலத்தில வந்து நிக்காதையும்."