மீராமுகைதீனின் நெஞ்சுப் படம்

முற்றத்து மறைப்புக்குள் இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் கச்சிமுகம்மது, கூரை வளையில் செருகியிருந்த எக்ஸ்ரே நெஞ்சுப் படத்தை உருவி எடுத்தார். தம்பி மீராமுகைதீனின் மையத்தை அடக்க எடுக்குமுன் அதை அடுப்பில் போட்டுவிட வேண்டுமாம் அவருக்கு.

“உருவப்படம் இருக்கிற ஊட்டுக்க வானத்து மலக்குமார் வரமாட்டாங்க.”

“வைங்க மச்சான் அத!” றாஹிலா எழும்பிவிட்டாள். புருசனைப் பறிகொடுத்த கண்ணீர் இன்னும் கன்னத்தில் காயவில்லை. கதவடியில் இருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள்.

கச்சிமுகம்மது குரலைத் தணித்தார். “கயரோகம் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா உன்ட மகள ஆரு கேட்டு வருவான்? காய்ச்சல்ல மௌத்தாப் போனான் எண்டு சொல்லுவம்.”

அதுதானே பார்த்தேன்! மலக்குமாரை இழுத்ததெல்லாம் இதற்குத்தான்.

மூலையில் மகள் சுல்பிகா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். றாஹிலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். போன மாரியில் புருசனும் இப்படித்தான் இருமத் தொடங்கினான்.

“அவளுக்கு ஒரு நூல் ஓதிக் கட்டுவம்,” என்றார் கச்சிமுகம்மது.

“அவருக்கும் நீங்கதானே கட்டினீங்க! கட்டிக் கட்டி, கடைசியா மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா, டாக்குத்தர் இந்தப் படத்தக் காட்டித்தான் சொன்னாரு, முன்னுக்கே வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும் எண்டு. ஊட்டுல வேற ஆரும் இருமினா உடன கூட்டி வரச் சொன்னாரு.”

படத்தைப் பறித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விலா எலும்புகள். ஒரு பக்கம் வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம்.

“நல்லாப் பாருங்க. இது மொகமா, மூக்கா? உங்கட தம்பிட நுரையீரலத் திண்ட ஓட்ட. என்ட புள்ளைக்கு ஓட்ட விழ முன்ன அவளையும் படம் புடிச்சுப் பாக்கணும். நாளைக்குக் காலத்தால போறன்.”

“புருசன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிற பொம்புள படி தாண்டுறதா? எங்கட மானம் கப்பலேறிடும்!”

“ஏறட்டும். நான் பஸ்ஸில ஏறுறன். உசிரக் காப்பாத்தப் போறத அல்லாஹ் தடுக்கல்ல மச்சான், நீங்கதான் தடுக்கிறீங்க. இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. இதுக்குள்ள எது இருக்கணும், எது எரியணும் எண்டு நான் சொல்லுவன்.”

கச்சிமுகம்மது வெளியே இறங்கினார்.

மையத்தைச் சுமந்த சந்தூக்கு தெருவில் இறங்கி, கலிமாச் சத்தம் பள்ளிவாசல் பக்கமாகத் தேய்ந்த பிறகுதான் றாஹிலா அழுதாள். படத்தைப் பாய்க்கடியில் வைத்து, அதன் மேலேயே கிடந்து வயிறெரிய அழுதாள்.

மறுநாள் காலை, பஸ் நிற்கும் இடத்தில் கச்சிமுகம்மதுவும் இன்னும் சிலரும் நின்றார்கள். ஆம்பிளைகளைக் கண்டால் குடையைச் சரித்து முகம் மறைப்பவள்தான் றாஹிலா. அன்று குடையை மகளிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையும் கையில் படமுமாக அவர்கள் முன்னால் நடந்தாள்.

ஆசுபத்திரியில் சுல்பிகாவை மட்டும் இருட்டறைக்குள் கூப்பிட்டார்கள்.

“நெஞ்சப் பலகையோட ஒட்டி நில்லு புள்ள. மூச்ச இழு. அப்பிடியே அடக்கு.”

“சரி, விடு” என்று உள்ளேயிருந்து குரல் வரும்வரை, வாசலில் நின்ற றாஹிலாவும் மூச்சு விடவில்லை.